தழும்பு நிற்காத இடம்

அக்கா பக்கத்தில் வந்து குந்தினால் எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லோரும் கையைக் காலை இழுத்துக்கொள்வோம். பிள்ளைகள் ஓடியே போய்விடுவார்கள். அவருடைய வலது கைப் பெருவிரலுக்குத்தான் அவ்வளவு பயம்.

யாருக்காவது உடம்பில் காயம் என்று தெரிந்தால் போதும். என்ன ஆச்சு என்று கேட்கமாட்டார், ஐயோ பாவம் என்றும் சொல்லமாட்டார். வந்து உட்கார்ந்து, காயத்தைச் சுற்றி அந்த விரலை மெதுவாக ஓட்டுவார். கண் எங்கேயோ இருக்கும். பிறகு ஒரே ஒரு சொல். "நிக்கும்" என்றால் தழும்பு நிற்கும். "நிக்காது" என்றால் நிற்காது. சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். சொன்னது தப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தப்பியிருந்தால் நாங்கள் அவ்வளவு பயந்திருக்கமாட்டோம்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. லயத்திலும் யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

மகளே, போன மாதம் நீ பெரிய பிள்ளையானபோது, மூலையில் பாயில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் ஒன்று கேட்டாயாம். உள்ளே புண் ஆகிவிட்டதா, ஆறினால் தழும்பு வருமா என்று. அம்மா அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். மேலே சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொல்லாமல் விட்டதைத்தான் நான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். இதையெல்லாம் ஓர் அப்பா எழுதலாமா என்று கூச்சமாகவும் இருக்கிறது. இருந்தாலும் தம்பியும் படிக்கட்டும். அவனுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

அப்போது நாங்கள் கேகாலைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஸ்டோரில் வேலை. மலையிலிருந்து வாளி வாளியாக வரும் பாலில் அசிட் கலந்து, தட்டுகளில் ஊற்றி உறைய வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அசிட் முழங்கையில் தெறித்துவிட்டது. பால் கொண்டுவந்த அக்கா வாளியை இறக்கி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். அவரை எனக்கு அதுவரை தெரியாது. கையைப் பிடித்துத் தடவினார்.

"நிக்கும்" என்றார். மருந்து போட்டிருக்கேங்க என்றேன். "போடு. போட்டாலும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போய்விட்டார். நீங்கள் இரண்டு பேரும் சின்னதில் கிள்ளி விளையாடுவீர்களே, அந்தத் தழும்புதான் அது.

அக்காவின் விரலுக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் இறப்பர் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் இருப்பது பட்டையில். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஈரமான மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. கத்தி அந்தத் தோலைத் தொடாமல் அதற்கு மேலேயே சீவிக்கொண்டு போக வேண்டும். தோல் தப்பினால், சில வருஷம் போனதும் புதுப் பட்டை வழவழவென்று வந்துவிடும். அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். கத்தி தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே வெள்ளையாக மரம் தெரியும். அந்த இடம் ஆறும்போது தவளை முதுகு மாதிரி முடிச்சு முடிச்சாகத்தான் ஆறும். அப்புறம் அதில் கத்தி ஓடாது. மலையில் ஒரு வெட்டுக்காரர் வாங்கக்கூடிய பெரிய ஏச்சே "மரம் தெரியுது" என்பதுதான்.

அக்காவின் மரங்களில் மரம் தெரிந்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு மரத்தையும் வெட்டி முடித்ததும் பெருவிரலால் ஒரு தடவு தடவுவார். அதற்குப் பிறகுதான் பால் வடியும் சிரட்டையை நிமிர்த்தி வைப்பார். அக்கா மரத்துக்குப் பவுடர் பூசுது என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு பெண், என் வீட்டுக்காரரோட மனசைத் தடவிப் பாத்துச் சொல்லுங்கக்கா என்று சீண்டினாள். அக்கா துணியை அலசிக்கொண்டே, "அது ஒனக்கு நிக்காதுடி" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக அக்கா வீட்டு வாசலில் நின்று, சும்மாதானே சொன்னீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படித்தான் இருந்தது எங்கள் எல்லோருடைய நிலைமையும்.

ஆனால் ஒன்றை மட்டும் அந்த விரல் தொடாது. லயத்தில் யாராவது பிள்ளை உண்டாகியிருந்தால் மற்றப் பெண்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஆணா பெண்ணா என்று சண்டை போடுவார்கள். அக்கா மட்டும் தள்ளி நின்று, கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொள்வார். அவருக்குப் பிள்ளை இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் பயம்.

உங்கள் அம்மா பெல்மதுளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளும் கத்தி பிடித்தாள். அக்காவின் மரங்களுக்கு அடுத்த வரிசை அவளுடையது. ஆரம்பத்தில் அவள் மரத்திலும் மரம் தெரிந்திருக்கிறது, ஏச்சும் வாங்கியிருக்கிறாள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மகளே, உனக்கு முன்னால் ஒரு பிள்ளை உண்டானது. மூன்றாம் மாதம் அது கலைந்துவிட்டது.

மழைக் காலம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அதனால் லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். காலையில் அம்மா பின்பக்கம் போய்விட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வந்து கூடிய பெண்களில் ஒருத்தி, அங்கே போனால் மிச்சத்தைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்துவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று தைரியம் சொன்னாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தார். "சுரண்ட விடாத புள்ள. மரம் தெரிஞ்சிரும்."

கொழுந்துத் தோட்டத்திலேயே இருந்திருந்தால் அம்மாவுக்கு அந்தப் பேச்சு விளங்கியிருக்காது. டவுனில் இருப்பவளுக்கும் விளங்கியிருக்காது. அம்மாவின் கண்ணுக்கு முன்னால் அந்த முடிச்சு விழுந்த பட்டை வந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றாள்.  அக்கா சொல்லித் தப்பியதில்லையே. என் முழங்கையில் இருந்த தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கலைந்தது தானாகவே வெளியே வந்துவிடும் என்றார். அம்மாவை விட்டு நகரவில்லை. மறுநாள் இரத்தம் குறைந்ததும் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. அம்மா நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் சுவரில் இடித்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் அடிப்பது நிற்கவில்லை. ஒரு மாதிரியான வாடையும் வந்தது.

அக்கா பெருவிரலை அம்மாவின் நெற்றியில் வைத்தார். கழுத்தில் வைத்தார். நான் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எதுவாக இருந்தாலும் சரி, சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அவர் சொல்லவில்லை. மறுபடி தடவினார். பிறகு தன் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா" என்றேன்.

"வெரல்ல ஒண்ணும் தெரியல தம்பி."

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் பல தடவை பயந்திருக்கிறேன். பிறகு அரநாயக்கவில் மலை சரிந்த செய்தி வந்த நாளில், எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். ஆனால் அக்காவின் முகத்தில் பயத்தைப் பார்த்தேனே, அதற்கு இணையாக எதையும் சொல்ல முடியாது. எங்களைப் பயமுறுத்துகிறவர் பயந்துவிட்டால் நாங்கள் எங்கே போவது?

அவர் எழுந்து மழையிலேயே ரோட்டுக்கு ஓடினார். சந்தியில் த்ரீவீல் வைத்திருந்த சிங்களப் பையனைக் கையோடு கூட்டி வந்தார். அம்மாவை நாங்கள் தூக்கியபோது, அந்தக் காய்ச்சலிலும் அவள் அக்காவின் கையைத் தள்ளினாள்.

"வேணாங்க்கா. மரம் தெரிஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"தழும்பு நின்னா நின்னுட்டுப் போகுது. நீ பொழச்சாப் போதும்" என்றார் அக்கா.

வழியில் ஓர் இடத்தில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. நானும் அந்தப் பையனும் இறங்கிச் சேற்றில் த்ரீவீலைத் தள்ளினோம். உள்ளே அக்கா, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே இரு புள்ள, பேசிக்கொண்டே இரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஏதோ பேசினாள். பிறகு பேசவில்லை. நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். உள்ளே எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டொக்டர் பார்த்தார். சிங்களவர். ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். உள்ளே மிச்சம் தங்கி அழுகி, நஞ்சு இரத்தத்தில் கலக்க ஆரம்பித்துவிட்டதாம். சேலைனில் மருந்து ஏற்றிவிட்டு, உள்ளே இருப்பதை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் ஆளே மிஞ்சாது என்றார். சொல்லிவிட்டுத் திரும்பியவருடைய கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் சத்தம் போட்டாள். டொக்டர் கையை உதறவில்லை. என்ன என்று கேட்டார். அக்காவுக்குச் சிங்களம் நல்லாய் வரும். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எனக்கும் சுரண்டினாங்க நோனா. கல்யாணம் கட்டின புதுசுல, குருவிட்ட பக்கம், ஒரு வீட்டுல வச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒரு மாசம்கூட வரல. வெட்டினாலும் பால் வராத மரமாட்டம் ஆகிட்டேன். இந்தப் புள்ளைய அப்படி ஆக்கிறாதீங்க."

பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. புருஷன் ஏன் போனார், அந்தக் கை ஏன் சேலைக்குள் ஒளிந்தது, எல்லாம்.

 டொக்டர் மேசையில் இருந்த ஈரப் பஞ்சைப் பிய்த்துத் தன் உள்ளங்கையில் பரப்பி, அதை மெதுவாக வழித்து எடுத்துக் காட்டினார். நாங்கள் எடுக்கப்போவது இந்தப் பஞ்சைத்தான், கையை இல்லை என்றார். கர்ப்பப்பைக்குள்ளே மேலே ஒரு படலமும் அடியில் ஒரு படலமும் இருக்கின்றனவாம். மாதாமாதம் உதிர்ந்து வருவது மேலே உள்ளது. அடியில் உள்ளது அப்படியே இருக்கும். அதிலிருந்து புதிதாக முளைத்து, கொஞ்ச நாளில் உள்ளே முழுவதையும் மூடிவிடுமாம். தழும்பு வராதாம். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி கழன்று விழும்போது உள்ளே விரித்த கை அளவுக்குப் புண் இருக்கும், அவ்வளவு பெரிய புண் தோலில் பட்டால் சாகும்வரை தழும்பு நிற்கும், அங்கே நிற்பதில்லை என்றார். அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் புதுசு வளர்ந்து வந்து பழசைக் கழற்றித் தள்ளிவிடுமாம். தழும்பு நின்றால் அடுத்த பிள்ளை எங்கே ஒட்டும் என்று கேட்டார்.

அக்கா நம்பவில்லை. "உள்ள போய்ப் பாத்தது யாரு?"

"நாங்கதான் அம்மா" என்றார் டொக்டர். அதற்கென்று சின்னக் கெமரா இருக்கிறதாம்.

பிறகு டொக்டர் ஒன்று சொன்னார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். உங்களுக்கு நடந்ததும் உண்மைதான் என்றார். அடிப் படலம் வரைக்கும் சுரண்டிவிட்டால் தழும்பு வரும், உள்ளே சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்ளும், மாதம் நின்றுபோகும். இப்படி அழுகிக் கிடந்தாலும் வர இடம் இருக்கிறது. அதனால் வாக்குக் கொடுக்கமாட்டேன், ஆழமாகப் போகமாட்டேன் என்று மட்டும் சொல்கிறேன் என்றார்.

அக்கா டொக்டரின் கையைத் திருப்பி, விரல்களின் மேல் தன் பெருவிரலை ஒரு தடவை ஓட்டினார். புதிதாக வெட்ட வந்த ஆளின் கையைப் பார்ப்பதுபோல. டொக்டர் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அக்கா விட்டுவிட்டார்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. டொக்டர் கையில் என்ன பார்த்தீங்க என்று கேட்டேன்.

"பயந்த கை" என்றார். நான் அழப் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "பயந்த கை ஆழமாப் போகாது தம்பி" என்றார்.

அம்மா பிழைத்துவிட்டாள். வீட்டுக்கும் வந்துவிட்டாள். பயம் எங்களோடு கூடவே வந்தது. ஆள் மிஞ்சினாள், ஆனால் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாதம் வந்தால்தான் தெரியும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா தினமும் விடிந்ததும் மலைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, "வந்திருச்சா?" என்பார். அம்மா, "இல்லக்கா" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சங்கக் கடைக்கு மா வந்திருச்சா என்று கேட்பது போலத்தான் இருக்கும். நான் உள்ளே தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு, குடிக்காமல் அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பேன். இல்லக்கா. இல்லக்கா. ஒரு மாதம் தாண்டியும் அதே பதில். கடைசியில் அக்கா கேட்பதை விட்டுவிட்டார். வாசலில் வந்து நின்று, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அது இன்னும் பயமாக இருந்தது.

ஒருநாள் அவர் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அம்மா பின்னாலேயே ஓடினாள்.

"வந்திருச்சுக்கா."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். பிறகு அந்த ஈர மண்ணிலேயே, மலைக்குப் போகிற சேலையோடு உட்கார்ந்துவிட்டார்.

மகளே, நீ எதைப் பார்த்துப் பயந்தாயோ, அதற்காகத்தான் நாங்கள் மூன்று பேரும் அப்படிக் காத்துக் கிடந்தோம். அது புண் இல்லை. அடியில் இருப்பது நன்றாக இருக்கிறது, புதுசு வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். உள்ளே தழும்பு வருமா என்று கேட்டாயே. வராது. உன் இடது முழங்காலில் இருக்கிறதே, நடக்கப் பழகும்போது கல்லில் விழுந்தது, அது நிற்கும் என்று அக்காவே தடவிப் பார்த்துச் சொன்னார், நிற்கிறது. நீ பிறந்தபோது அம்மாவுக்குள் ஆன புண் அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. அது நிற்கவில்லை. நீ இருந்த இடத்தில்தான் பிறகு தம்பியும் இருந்தான்.

தம்பியை அக்கா பார்க்கவில்லை. குருவிட்ட பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போனவர் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். போனில்தான் செய்தி வந்தது. ஆனால் உன்னைப் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

நீ வயிற்றில் இருந்த காலம் முழுவதும் அவர் அம்மாவைத் தொடவே இல்லை. வருவார், தள்ளி நிற்பார், கையைச் சுற்றிக்கொள்வார். நீ பிறந்த மறுநாள் மலை வேலை முடிந்து, கையில் பால் வாடை போகக் குளித்துவிட்டு வந்தார். வார்டில் உன்னை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்றார். பிறகு சேலைக்குள் இருந்த கையை எடுத்து, துணிக்கு மேலாக அம்மாவின் வயிற்றில் பெருவிரலை வைத்து, மரத்தில் ஓட்டுவதுபோல ஒரு தடவை ஓட்டினார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"நிக்கல" என்றார்.

அப்புறம் உன் பக்கம் குனிந்தார்.

"ஏன்டி, ஒனக்கு முன்னால அங்க ஒரு ஆள் இருந்துச்சு. ஒனக்கு ஏதாச்சும் தடம் தெரிஞ்சுச்சா?"

நீ கொட்டாவி விட்டாய்.

"தெரியலையில்ல" என்றார் அக்கா. "அப்ப சரி."